வள்ளத்து டீசல் எஞ்சினில் கேம், டேப்பட் கோளாறு: அறிகுறியைப் பார்த்து வழி

உவரியில் இருந்து கூட்டப்புளி வரைக்கும் வள்ளக்காரர்கள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வரும்போது சொல்வது பெரும்பாலும் ஒரே புகார்தான். “டேப்பட் வச்சுப் பத்து நாள் ஆகல அண்ணாச்சி, மறுபடியும் சத்தம் கேக்கு.” டேப்பட் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருப்பார். ஆனால் அவர் வைத்த கேப் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி) எந்தப் பக்கமாக மாறியது, ஏன் மாறியது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கே சொல்வது ஒற்றை, இரட்டை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினுக்கு. கேம் ஷாஃப்ட் (மேடு உள்ள தண்டு; அந்த மேடுதான் கேம் மேடு) பிளாக்குக்குள் இருக்கும்; மேடு டேப்பட்டைத் தூக்க, அதன் மேல் நிற்கும் புஷ் ராடும் ராக்கரும் வால்வைத் திறக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டில் கேமே கிடையாது, அதற்கு இது பொருந்தாது.

வேலை தொடங்குமுன் உங்கள் எஞ்சினில் எந்த டேப்பட் என்று தெரிந்துகொள்ளுங்கள். வால்வுக்குத் தட்டை டேப்பட், டீசல் பம்புக்கு ரோலர் டேப்பட் என்று வரும் மாடல்கள் நிறைய. சிலவற்றில் எல்லாமே ரோலர். தட்டை டேப்பட் ஓடும்போது தன் இடத்திலேயே சுழல வேண்டும். ரோலர் டேப்பட் சுழலவே கூடாது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு பின்னோ, காடியோ, இரண்டு டேப்பட்டை இணைக்கும் பட்டையோ இருக்கும். கீழே வரும் பல கோளாறுகள் இந்த ஒன்று தலைகீழானதால் வருபவை.

அப்புறம் ஒரு நோட்டு வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியபின், ஸ்குருவைத் தொடுவதற்கு முன்னால், இருக்கும் கேப்பை அளந்து எழுதுங்கள். பழைய கேப்பை அளக்காமல் புதுக் கேப் வைப்பது தடயத்தை அழிப்பதுதான்.

அறிகுறி 1: மேலே ‘டிக் டிக்’ என்று சத்தம்

முதலில் அது கேம் பக்கத்துச் சத்தமா என்று உறுதிசெய்யுங்கள். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். அதனால் ஒரு வால்வின் டேப்பட் சத்தம் ஃபிளைவீல் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவை வரும். ஃபிளைவீலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு விழுந்தால் அது கிராங்க், பேரிங், அல்லது ஃபிளைவீல் சாவி. இதை மூடி வைத்துவிட்டு அங்கே போங்கள்.

டீசல் எரியும் தட்டும் இதோடு குழம்பும். ஸ்டாப் லிவரை இழுத்ததும் எஞ்சின் நிற்பதற்குள் சில சுற்றுகள் சும்மா சுற்றும் அல்லவா, அப்போது காதை வையுங்கள். டீசல் நின்ற உடனே சத்தமும் நின்றால் நாசில் அல்லது பம்ப் டைமிங். கடைசிச் சுற்று வரை ‘டிக்’ தொடர்ந்தால் அது இரும்போடு இரும்பு மோதும் சத்தம். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ராக்கர் மூடி மேலும், பிறகு பிளாக்கின் பக்கவாட்டிலும் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் மேலேயா கீழேயா என்று தெளிவாகத் தெரியும். ஓடும் எஞ்சினில் ஹை பிரஷர் பைப் நட்டை மட்டும் தளர்த்திப் பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

*ஆறிய எஞ்சினில் மட்டும் சத்தம், சூடானதும் அடங்குகிறது:* ஆயில் அளவையும் கிரேடையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் நோட்டில் குறித்துவிட்டு ஓட்டலாம்.

*சூட்டிலும் நிற்கவில்லை:* கேப் பாருங்கள். ஹேண்டிலைச் சுற்றி, இன்லெட் வால்வு திறந்து மூடியபின் பிஸ்டன் மேலே வரும் இடத்தில் நிறுத்துங்கள். எக்சாஸ்ட் மூடி இன்லெட் திறக்கும் நேரத்திலும் பிஸ்டன் மேலேதான் நிற்கும். அந்த இடத்தில் கேப் வைத்தால் மொத்தமும் தப்பு. சரியான இடத்தில் இரண்டு புஷ் ராடும் விரலால் உருட்டினால் சுழலும். அளவு எஞ்சினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். இந்த வகை எஞ்சின்களில் பொதுவாக 0.15 முதல் 0.30 மில்லிமீட்டருக்குள் வரும். ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும்.

கடலில் ஃபீலர் கேஜ் இல்லாமல் மாட்டிக்கொண்டால் சவர பிளேடு உதவும். இரண்டு பக்கமும் கூர் உள்ள சாதாரண பிளேடு ஒன்றின் கனம் 0.10 மில்லிமீட்டர். இரண்டை ஒன்றாக வைத்தால் 0.20. கரை சேர அது போதும், வந்தபின் கேஜ் போட்டு மறுபடி வையுங்கள்.

அறிகுறி 2: கேப் வைத்தாலும் சில நாளில் மாறிவிடுகிறது

இங்கேதான் நோட்டு பேசும். மறுபடி அளக்கும்போது கேப் அகன்றிருக்கிறதா, குறுகியிருக்கிறதா?

*கேப் அகன்றுகொண்டே போகிறது.* ராக்கரில் இருந்து கேம் வரைக்கும் ஏதோ ஒன்று தேய்கிறது அல்லது தளர்கிறது. செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள்.

லாக் நட் இறுகப் பிடிக்கிறதா? ஸ்குருவின் மரை தேய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். ஸ்குருவும் நட்டும் மாற்றினால் தீர்ந்தது. அடுத்து ராக்கரின் மூக்கு. அது வால்வைத் தொடும் இடத்தில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் குழிக்கு மேலே பாலம் போட்டது போல நிற்கும், கேஜில் 0.20 என்று காட்டினாலும் உண்மைக் கேப் அதற்கு மேல் இருக்கும். சத்தம் நிற்காததற்கு இது அடிக்கடி காரணம். ராக்கர் புஷ் ஆட்டத்தையும் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பிறகு புஷ் ராடு இரண்டையும் உருவி, கண்ணாடி மேல் உருட்டுங்கள். வளைந்திருந்தால் துள்ளும். வளைந்த ராடைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றுங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது டேப்பட்டும் கேம் மேடும். எஞ்சினைப் பிரிக்காமலே இதை அளக்கலாம். ராக்கரைக் கழற்றுங்கள். புஷ் ராடைத் திரும்ப அதன் இடத்தில் நிறுத்தி, உச்சியில் டயல் கேஜ் வைத்து, டீகம்ப்ரஷன் லிவர் (கையால் லேசாகச் சுற்ற வால்வைத் திறந்து பிடிக்கும் லிவர்) ராக்கரோடு கழன்று வந்திருந்தால் நாசிலைக் கழற்றிவிட்டு, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். ராடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று இன்லெட், எக்சாஸ்ட் இரண்டுக்கும் எழுதுங்கள். டயல் கேஜ் இல்லை என்றால் வெர்னியரின் ஆழக் கம்பியால் ஹெட் மேல்தளத்தில் இருந்து ராடு உச்சி வரை அளந்தாலும் போதும். புத்தகத்து அளவை விடக் கால் மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் அந்தக் கேமை நான் திரும்பப் போடுவதில்லை. கேமின் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டது. அது போய்விட்டால் அடியில் இருப்பது மெத்தென்ற இரும்பு, பிறகு தேய்மானம் ஓட்டமாக ஓடும்.

டேப்பட்டை எடுத்துப் பார்க்க வாய்ப்பு இருந்தால் அதன் அடித்தளத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல தட்டை டேப்பட்டில் வட்ட வட்டமாகத் தடம் இருக்கும். நேர்கோடாக ஒரே பட்டைத் தடம் விழுந்திருந்தால் டேப்பட் சுழலாமல் நின்று கேமை அறுத்திருக்கிறது என்று அர்த்தம். துளையில் பிசின் பிடித்திருக்கும், அல்லது டேப்பட்டின் பக்கவாட்டில் துரு. ரோலர் டேப்பட் என்றால் ரோலரை விரலால் சுழற்றுங்கள். எங்கும் தடைபடாமல் ஓட வேண்டும், தட்டை விழுந்த இடம் இருக்கக் கூடாது, பின் ஆடக் கூடாது. கேம் மேட்டில் ரோலரின் ஒரு ஓரம் மட்டும் கோடு போட்டிருந்தால் டேப்பட் திரும்பியிருக்கிறது; நிறுத்தும் பின்னைப் பாருங்கள்.

கேம் தேய்ந்தது என்று முடிவானால் கேமும் டேப்பட்டும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய தட்டை டேப்பட்டில் புதுக் கேமைப் போட்டால் அது புதுக் கேமையும் தின்றுவிடும். தேய்ந்த மேட்டில் வெல்டிங் வைத்துக் கையால் அரைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேட்டின் உருவமும் கடினமும் அப்படித் திரும்ப வராது. தட்டை டேப்பட்டுக்கான கேமில் ரோலர் டேப்பட்டை மட்டும் வாங்கி இறக்குவதும் கூடாது. ரோலர் ஒரு கோட்டில்தான் அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தாங்க அதற்கென்று செய்த எஃகுக் கேம் வேண்டும். ரோலருக்கு மாற வேண்டும் என்றால் கேம், டேப்பட், புஷ் ராடு எல்லாம் அந்த மாடலுக்கென்றே வரும் செட்டாக வர வேண்டும். செட் கிடைக்காத மாடலில் தட்டை டேப்பட்டே நல்லது.

*கேப் குறுகிக்கொண்டே போகிறது.* இது கேம் இல்லை. வால்வு தன் சீட்டுக்குள் இறங்குகிறது. இதில் சத்தமே வராது, எஞ்சின் முன்பை விட அமைதியாகக்கூட ஓடும், அதனால்தான் இது அகன்ற கேப்பை விட ஆபத்து. கேப் தீர்ந்ததும் வால்வு முழுசாக மூடாமல் எரியத் தொடங்கும். ஹேண்டிலைச் சுற்றும்போது சைலன்சர் வழியாக ‘உஸ்’ என்று காற்றுக் கசிந்தால் எக்சாஸ்ட் வால்வு பிடிக்கவில்லை. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட். ஒரு தடவை கேப் வைத்துப் பாருங்கள். மறுபடியும் குறுகினால் ஹெட்டைக் கழற்றி வால்வு சீட் வேலை பார்க்க வேண்டும், அது லேத் பட்டறை வேலை. கூடவே ஏர் ஃபில்டரையும் பாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்றில் தேரி (செம்மணல் மேடு) மண் பறக்கிற காலத்தில் வீட்டுக்குள்ளேயே செம்மண் படிகிறது. கிழிந்த ஃபில்டரோடு ஓடும் எஞ்சினில் அது நேராக வால்வு சீட்டுக்குப் போகும்.

அறிகுறி 3: இழுவை இல்லை, கரும்புகை

முதலில் புரொப்பெல்லரில் வலை நூல், கயிறு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், சைலன்சருக்குள் கரியும் உப்பும் அடைத்தது. பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் கரும்புகை குறையவில்லை என்றால் (கரையில், காற்று அடங்கிய நேரத்தில், ஒரு நிமிடம் மட்டும்) மேலே சொன்னபடி புஷ் ராடு ஏற்றத்தை அளந்து பாருங்கள். இன்லெட் மேடு தேய்ந்திருந்தால் காற்று போதாது. எக்சாஸ்ட் மேடு தேய்ந்தால் எரிந்த புகை வெளியேற முடியாமல் இன்லெட் திறக்கும்போது ஏர் ஃபில்டர் வாயில் ‘பஃப் பஃப்’ என்று திரும்பும். ஃபில்டரின் உள்பக்கம் கரி படிந்திருந்தால் அதுதான் சாட்சி.

இந்த நிலையில் கூடுதல் டீசல் விட்டு இழுவையைச் சரிக்கட்டச் சிலர் பம்ப் ஸ்குருவைத் திருப்புவார்கள். செய்யாதீர்கள். பிஸ்டன் உருகும்.

அறிகுறி 4: காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, வெண்புகை

டீசலில் தண்ணீர், பைப்பில் காற்று, ஒழுகும் நாசில்: இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரி, கம்ப்ரஷனும் இருக்கிறது, ஆனாலும் வெண்புகை மட்டும் வருகிறது என்றால் டீசல் பம்பைத் தூக்கும் ரோலர் டேப்பட்டைச் சந்தேகப்படுங்கள். ரோலரோ பின்னோ தேய்ந்தால் பம்ப் தாமதமாகத் தூக்கும், டீசல் தாமதமாகப் பீறும்.

பம்பைக் கழற்றும்போது அடியில் இருக்கும் ஷிம்களை (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எண்ணி, அதே வரிசையில் கம்பியில் கோத்து வையுங்கள். ரோலரைப் பாருங்கள். ரோலர் தேய்ந்திருக்க, ஷிம் ஒன்றை எடுத்துவிட்டு டைமிங்கை முன்னால் கொண்டுவருவது பழக்கமான குறுக்கு வழி. எஞ்சின் அன்றைக்கு எடுத்துவிடும். ரோலர் உடைந்து கேமை வெட்டும் வரைக்கும் தகவல் வராது. அதனால் டேப்பட்டை மாற்றிவிட்டு, ஷிம்மைப் புத்தகத்து அளவுக்கே வையுங்கள்.

பம்பைத் திரும்ப இறக்கும்போது ஒன்று ரொம்ப முக்கியம். பம்ப் ராக்கில் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) இருக்கும் பின், கவர்னரின் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) கவையில் உட்கார வேண்டும். வெளியே நின்றுவிட்டால் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் கட்டுக்கு அடங்காமல் ஏறும், ஸ்டாப் லிவரும் வேலை செய்யாது. இறக்கியபின் லிவரை அசைத்து, ராக் கூடவே நகர்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். அப்படியும் ஏறிவிட்டால் தடிப்பான பலகையால் காற்று வாயை அடையுங்கள். கையை வைக்க வேண்டாம். பம்ப் உள்ளே தேய்மானம் என்று தெரிந்தால் டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதை வீட்டில் பிரிக்கக் கூடாது.

அறிகுறி 5: ஆயிலில் மினுக்கம், அல்லது பால் நிறம்

ஓடி முடித்த சூட்டோடு ஆயிலை வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் வடியுங்கள். அடியில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத மினுக்கம் அலுமினியம் அல்லது பேரிங் உலோகம். அது வேறு கதை, உடனே ஃபிட்டரிடம் போங்கள். ஒட்டுவது இரும்பு.

ஆனால் நம் கரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடற்கரைக் கருமணலிலும் ஒரு பகுதி காந்தத்தில் ஒட்டும். ஒட்டியதை மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். உருண்டையான கறுப்பு மணி மணியாக நறநறத்தால் மணல். தகடு தகடாக, ஊசி நுனி போல வெளிச்சத்தில் மின்னினால் கேம் அல்லது டேப்பட்டின் தோல். முடி கனத்தில் சின்னக் கம்பித் துண்டு கிடைத்தால் ரோலருக்குள் இருக்கும் நீடில் பேரிங் உடைந்திருக்கிறது, எஞ்சினைத் திரும்ப ஒரு சுற்றுகூட ஓட்ட வேண்டாம்.

மணல் என்றாலும் நிம்மதி இல்லை. இந்த மணலில் கலந்திருக்கும் கார்னெட்தான் உப்புத்தாள் செய்யவும் பயன்படுகிறது. ஆயிலில் சேர்ந்தால் கேமையும் பேரிங்கையும் ஒருசேர அரைக்கும். ஆயில் ஊற்றும் மூடி, டிப் ஸ்டிக், பிரீதர் (எஞ்சின் உள்காற்று வெளியேறும் வழி) மூன்றையும் பாருங்கள். மணல் மேல் எஞ்சினை வைத்து ராக்கர் மூடியைத் திறப்பதை நிறுத்துங்கள். கரையில் அவசரத்துக்குத் திறந்தே ஆக வேண்டும் என்றால் காற்றுக்கு மறைப்பாகத் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள்.

பால் நிறம் என்றால் தண்ணீர். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு ஆயிலைச் சூடான கரண்டியில் விடுங்கள். வெடித்துப் பொரிந்தால் தண்ணீர்தான். மழையோ அலையோ பிரீதர் வழியாக வந்ததா, சைலன்சர் வாய் வழியாக ஏறியதா, கடல் தண்ணீரில் குளிரும் எஞ்சின் என்றால் ஹெட் கேஸ்கட்டா என்று அந்த வரிசையில் தேடுங்கள். ஆனால் காரணம் தேடுவதற்கு முன்னால் ஆயிலை மாற்றிவிடுங்கள். உப்புத் தண்ணீர் கலந்த ஆயிலோடு எஞ்சின் ஓடாமல் கிடந்தால் கேம் மேட்டில் துருப்புள்ளி விழும். பிறகு டேப்பட் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் புள்ளியில் ஏறி இறங்கி அதைக் குழியாக்கும். புது ஆயில் ஊற்றிச் சற்று நேரம் ஓட்டி, மறுபடியும் மாற்றுங்கள்.

அறிகுறி 6: புதுக் கேம் போட்டபின் தொல்லை

*ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஹேண்டில் ஓரிடத்தில் இடிக்கிறது:* கியரில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறது. கிராங்க் கியரிலும் கேம் கியரிலும் இருக்கும் புள்ளிகள் நேருக்கு நேர் வர வேண்டும். இடிக்கும்போது பலம் கொடுத்துச் சுற்றாதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. மூடியைப் போடுவதற்கு முன் கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

*சில நாளிலேயே மறுபடி சத்தம்:* முதல் ஓட்டத்தில் கேம் காய்ந்து ஓடியிருக்கிறது. தட்டை டேப்பட் போடும்போது கேம் மேட்டிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் பசை தடவுங்கள். டீசலை அடைத்து, டீகம்ப்ரஷன் லிவரைப் போட்டு, ஆயில் மேலே ஏறும் வரை ஹேண்டிலைச் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஸ்லோவில் விடாமல் நடு வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். ஸ்லோவில் கேமுக்குத் தெறிக்கும் ஆயில் குறைவு. பிறகு அந்த ஆயிலை வடித்துவிடுங்கள்.

ரோலர் டேப்பட்டுக்கு இந்தப் பழக்கும் ஓட்டம் தேவையில்லை. ஆனால் மண்ணெண்ணெயில் கழுவி அப்படியே காய்ந்த நிலையில் மாட்டினால் உள்ளே இருக்கும் நீடில்கள் முதல் நிமிடத்திலேயே கீறும். ஒரு ராத்திரி ஆயிலில் ஊறப் போட்டு மாட்டுங்கள். துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிந்து உள்ளே போகும்.

இரண்டுக்கும் டீசல் எஞ்சினுக்கான ஆயில்தான். பைக் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றாதீர்கள்.

அறிகுறி 7: காற்றுக்காலம் முடிந்து எடுத்ததும் சத்தம்

கச்சான் பலமாக அடிக்கும் மாதங்களில் எஞ்சின் கரையிலேயே கிடக்கும். எடுத்ததும் வரும் ‘டிக்’ பெரும்பாலும் துருவேறிய டேப்பட் தன் துளையில் பிடித்துக்கொண்டது. ராக்கர் மூடியைத் திறந்து புஷ் ராடு வழியாக ஆயில் விட்டு, டீகம்ப்ரஷன் போட்டுக் கையால் நிறையச் சுற்றுங்கள். இரண்டு ராடும் ஒரே சீராக ஏறி இறங்கினால் ஸ்டார்ட் பண்ணலாம். ஒன்று ஏறி மேலேயே நின்றுவிட்டால் ஸ்டார்ட் பண்ணாமல் ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். டேப்பட் கீழிருந்து மட்டுமே வெளியே வரும் மாடல்களில் அதை எடுக்கக் கேமையே உருவ வேண்டும்.

நிறுத்துவதற்கு முன்பே ஆயில் மாற்றிவிட்டால் இந்த வேலை வராது. பழைய ஆயிலோடு நிறுத்திவிட்டுப் புறப்படும் அன்று மாற்றுவதுதான் இங்கே வழக்கம், அதைத் தலைகீழாக்குங்கள். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, வாரம் ஒரு தடவை டீகம்ப்ரஷன் போட்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறொரு இடத்தில் நிறுத்துங்கள். ஒரே வால்வு ஸ்பிரிங் வாரக்கணக்கில் அழுந்திக் கிடக்காது, ஒரே கேம் மேடு காய்ந்தும் போகாது.